தீ கொடுத்த சோறு! தீ பறித்த வீடு!

1961-ம் ஆண்டு ஏப்ரல் 3-ந் தேதி.

ஆஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலத்தில், மேரிஸ்வில் என்று ஒரு சிற்றூர். ஊரைச் சுற்றிலும் வானளாவிய மரங்கள் நிறைந்த மலைக்காடு.

எரிக் வில்கின்சன் என்ற இயற்கை ஆராய்ச்சியாளர் அந்தக் காட்டுக்குள் இருந்தார். இருட்டில் விளக்கை அடித்து, மரக்கிளைகளைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

அப்போது ஒரு குட்டிப் பிராணி அவர் கண்ணில் பட்டது. பார்ப்பதற்கு அணில் போல இருந்தது. முதுகில் கருங்கோடு. நீண்ட வால். அந்த வாலின் நுனி, கதாயுதம் போலத் தடித்திருந்தது.

"இந்தப் பிராணி பூண்டோடு அழிந்துவிட்டது" என்று எல்லோரும் முடிவு கட்டிய பிராணி அது! 1909-ம் ஆண்டுக்குப் பிறகு அதை யாரும் பிடித்ததில்லை. 52 வருஷம் கழித்து, உயிரோடு, துள்ளிக் குதித்துக்கொண்டு நின்றது!

செத்துப்போனதாகச் சொன்ன பிள்ளை, வாசலில் வந்து நின்றால் எப்படி இருக்கும்? விஞ்ஞானிகளுக்கு அப்படித்தான் இருந்தது.

ஆனால் வியப்பு அதோடு தீரவில்லை. அந்தக் காடு, 22 வருஷங்களுக்கு முன்பு தீப்பிடித்து எரிந்த காடு. எரிந்த காட்டில் இந்தக் குட்டி எப்படிப் பிழைத்தது? மீண்டும் தீ வந்தால் பிழைக்குமா?

இந்தக் கேள்விக்கு விடை காண, விஞ்ஞானிகள் ஒரு கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கின் கதைதான் இது.

யார் இந்தக் குட்டி?

இதன் பெயர் லெட்பீட்டர் போசம். 1867-ம் ஆண்டில் பிரடெரிக் மெக்காய் என்ற அறிஞர் இதைப் பற்றி முதன்முதலில் எழுதினார். மெல்போர்ன் பொருட்காட்சி சாலையில், இறந்த பிராணிகளின் தோலைப் பதப்படுத்தி வைக்கும் வேலையில் இருந்தவர் ஜான் லெட்பீட்டர். அவர் பெயரையே பிராணிக்கு வைத்தார்கள்.

கங்காருவைப் போல இதுவும் வயிற்றில் பை உள்ள பிராணி. குட்டியைப் பையில் வைத்து வளர்க்கும். உடம்பு ஒரு சாண் நீளம்கூட இராது. எடை சுமார் 130 கிராம். ஒரு கொய்யாப் பழத்தின் எடைதான்!

பகல் முழுவதும் தூங்கும். இருட்டியதும் வெளியே வரும். குடும்பமாக வாழும். ஒரு குடும்பத்தில் பன்னிரண்டு உருப்படி வரையில் இருக்கும். அந்தக் குடும்பத்தில் பெண் வைத்ததுதான் சட்டம். வேறு பெண் போசம் எல்லைக்குள் நுழைந்தால் விரட்டி அடித்துவிடும்.

1971-ம் ஆண்டில் விக்டோரியா மாநிலம் இதைத் தன்னுடைய சின்னமாக ஏற்றுக்கொண்டது. உலகத்தில் வேறு எந்த நாட்டிலும் இந்தப் பிராணி கிடையாது.

வீடும் வேண்டும், சோறும் வேண்டும்

மனிதனுக்கு என்ன வேண்டும்? குடியிருக்க வீடு, சாப்பிடச் சோறு. போசத்துக்கும் அதேதான்.

இதன் வீடு, மரப் பொந்து. பெரிய பழைய மரத்தில், தரையிலிருந்து வெகு உயரத்தில் இருக்கும் பொந்துதான் இதற்குப் பிடிக்கும். பொந்துக்குள் மரப்பட்டையை நார் நாராகக் கிழித்துப் போட்டு மெத்தை செய்யும். குளிர்காலத்தில் குடும்பம் முழுவதும் அந்த மெத்தையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தூங்கும். ஒரே பொந்து போதாது. அடிக்கடி வீடு மாற்றும். ஆகையால் பக்கத்தில் பக்கத்தில் பல பொந்து மரங்கள் தேவை.

இதன் சோறு என்ன தெரியுமா? பிசின்! வாட்டில் என்ற மரத்தின் பட்டையைக் கடித்துவிடும். கடித்த இடத்தில் பிசின் வடியும். அதை நக்கித் தின்னும். பட்டைக்கு அடியில் ஒளிந்திருக்கும் பூச்சிகளையும் பிடித்துத் தின்னும்.

வாட்டில் மரம் நமக்கும் புதிதல்ல. நம் கருவேல மரத்துக்கு உறவு. நீலகிரியில் இதைச் சீகை மரம் என்பார்கள். சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்டது.

ஆகவே பழைய பெரிய மரமும் வேண்டும். இளசான வாட்டில் மரமும் வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். இதுதான் போசத்தின் கஷ்டம்.

தஞ்சைக் கோபுரத்தைவிட உயரம்

போசம் குடியிருக்கும் பெரிய மரத்தின் பெயர் மவுண்டன் ஆஷ். அதுவும் தைல மர ஜாதிதான். ஊட்டியில் நாம் பார்க்கும் தைல மரத்துக்கு அண்ணன் என்று சொல்லலாம்.

இது 300 அடிக்கு மேலும் வளரும். தஞ்சைப் பெரிய கோவில் கோபுரத்தைப் பார்க்கும்போது கழுத்து வலிக்கிறது அல்லவா? இந்த மரம் அதைவிட உயரம்! பூப்பூக்கும் மரங்களில், உலகத்திலேயே உயரமானது இதுதான்.

மெல்போர்ன் நகரத்துக்கு வடகிழக்கே உள்ள மலைகளில் இந்த மரங்கள் அடர்ந்திருக்கின்றன. மெல்போர்ன் மக்கள் குடிக்கும் தண்ணீரில் பெரும் பகுதி இந்தக் காட்டு மலைகளிலிருந்துதான் வருகிறது.

இந்த மரத்துக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. வேறு பல தைல மரங்கள், தீயில் கருகினாலும் மறுபடி தளிர் விடும். மவுண்டன் ஆஷ் அப்படி அல்ல. கடுமையான தீ பட்டால் செத்துவிடும். ஆனால் சாகும்போது, உச்சிக் கிளைகளில் உள்ள காய்கள் வெடித்து, லட்சக்கணக்கான விதைகளைக் கீழே கொட்டும். சாம்பலில் விழுந்த விதைகள் முளைக்கும். கிழட்டு மரம் செத்து, ஒரு குஞ்சுக் காடு பிறக்கும்.

தீ இந்தக் காட்டுக்கு எமனும் அதுதான், மருத்துவச்சியும் அதுதான்!

கருப்பு வெள்ளிக்கிழமை

1939-ம் ஆண்டு ஜனவரி 13-ந் தேதி. ஆஸ்திரேலியாவில் ஜனவரி மாதம்தான் கடுங்கோடை.

அன்று விக்டோரியாவில் காட்டுத்தீ பேயாட்டம் ஆடியது. அந்தக் கோடைத் தீயில் 71 பேர் மாண்டார்கள். சுமார் 50 லட்சம் ஏக்கர் கருகியது. அந்த நாளைக் 'கருப்பு வெள்ளிக்கிழமை' என்று இன்றும் சொல்லுகிறார்கள்.

"ஏற்கனவே காணாமற்போன போசம், இதோடு தொலைந்தது" என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஆனால் நடந்தது வேறு.

தீயில் செத்த பெரிய மரங்கள் உடனே விழுந்துவிடவில்லை. வெள்ளை எலும்புக்கூடுகள் போல நின்றன. அந்த எலும்புக்கூடுகளில் பொந்துகள் இருந்தன. அவற்றின் அடியில், சாம்பலில், மவுண்டன் ஆஷ் கன்றுகளும் வாட்டில் கன்றுகளும் நெருக்கமாக முளைத்தன. பத்து, பதினைந்து வருஷத்தில் வாட்டில் மரங்கள் பிசின் வடிக்கத் தயாராகிவிட்டன.

பொந்துக்குப் பழைய மரம். பிசினுக்கு இளைய மரம். தீயே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டது!

எங்கோ தப்பிப் பிழைத்த சில போசங்கள், இந்தப் புதிய காட்டுக்குள் பெருகின. 1961-ல் வில்கின்சன் பார்த்தது அந்த விருந்தைத்தான்.

அப்படியானால் தீ நல்லதுதானே என்று கேட்காதீர்கள். கதை இனிமேல்தான் இருக்கிறது.

அந்தி நேரக் காவல்

1983-ம் ஆண்டில் டேவிட் லிண்டன்மேயர் என்ற விஞ்ஞானி அந்தக் காட்டுக்குள் நுழைந்தார். பிறகு ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். வருஷக் கணக்கில் அந்தக் காட்டிலேயே ஆராய்ச்சி செய்தார்.

போசத்தை எப்படி எண்ணுவது? பகலில் தூங்கும். இரவில் மின்னல் போல ஓடும். 300 அடி உயர மரத்தில் ஏறிப் பார்க்கவும் முடியாது.

அதற்கு ஒரு வழி செய்தார்கள். காட்டில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். அங்கே உள்ள பொந்து மரங்களை எண்ணுவார்கள். அந்தி சாயும் நேரத்தில், ஒவ்வொரு மரத்தடியிலும் ஓர் ஆள் உட்கார்ந்துவிடுவார். வானத்து வெளிச்சத்தில் மரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பேச்சு மூச்சு இருக்காது. போசம் பொந்திலிருந்து வெளியே வருவதைக் கண்டதும் ஒன்று, இரண்டு என்று குறித்துக்கொள்வார்.

கல்லூரி மாணவர்களும் ஊர்க்காரர்களும் சம்பளம் வாங்காமலே இந்தக் காவலுக்கு வந்தார்கள். குளிரில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

பிறகு அந்த இடத்தை அளந்தார்கள். பொந்து மரம் எத்தனை? வாட்டில் மரம் எவ்வளவு அடர்த்தி? பட்டை எவ்வளவு தொங்குகிறது? சரிவு எப்படி? மழை எவ்வளவு? குளிர் எவ்வளவு? எல்லாவற்றையும் எழுதினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் இப்படிச் செய்தார்கள்.

கல்யாணச் சமையல்காரர்

இவ்வளவையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? இங்கேதான் கணக்கு வருகிறது.

நம் ஊர்க் கல்யாண வீட்டுச் சமையல்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். "எத்தனை பேர் சாப்பிடுவார்கள்?" என்று அவர் வீடு வீடாகப் போய்க் கேட்பதில்லை. பத்திரிகை எத்தனை அடித்தீர்கள், மாப்பிள்ளை எந்த ஊர், முகூர்த்தம் எந்தக் கிழமை என்று நாலு கேள்வி கேட்கிறார். "இத்தனை படி அரிசி போடு" என்கிறார். பெரும்பாலும் சரியாக இருக்கிறது. நூறு கல்யாணம் பார்த்த அனுபவம்!

விஞ்ஞானிகளும் அதைத்தான் செய்தார்கள். எந்த இடத்தில் போசம் இருந்தது, எந்த இடத்தில் இல்லை என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அப்போது ஓர் உண்மை தெரிந்தது. பொந்து மரமும் வாட்டில் மரமும் சேர்ந்து இருக்கிற இடத்தில்தான் போசம் அதிகம். பொந்து இருந்து வாட்டில் இல்லாவிட்டால் போசம் குறைவு. வாட்டில் இருந்து பொந்து இல்லாவிட்டாலும் குறைவு. 1991-ம் ஆண்டில் இந்தக் கணக்கை வெளியிட்டார்கள்.

இதற்கு 'மாதிரிக் கணக்கு' என்று பெயர் சொல்லலாம். காட்டைக் காகிதத்தில் இறக்கி வைப்பது போன்றது. யாரும் போகாத ஒரு மலைச் சரிவில் மரங்கள் எப்படி இருக்கின்றன என்று தெரிந்தால் போதும். அங்கே போசம் இருக்குமா, இராதா என்று மதிப்புப் போட்டுச் சொல்லிவிடலாம். அதை வைத்து வரைபடமும் போடலாம்.

தாயக்கட்டை உருட்டும் கம்ப்யூட்டர்

ஆனால் இது இன்றையக் கணக்கு. நாளைக்குத் தீ வந்தால்?

தீ எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? தாயக்கட்டையில் என்ன விழும் என்று சொல்ல முடியாதது போலத்தான் அதுவும். ஆனால் தாயக்கட்டையை ஆயிரம் தடவை உருட்டினால், தாயம் எத்தனை தடவை விழும் என்று ஒரு மதிப்புக் கிடைக்கும் அல்லவா?

லிண்டன்மேயரும் ஹியூ போசிங்ஹாம் என்ற அறிஞரும் சேர்ந்து இப்படிச் செய்தார்கள். காட்டைக் கம்ப்யூட்டருக்குள் வைத்தார்கள். அதில் வருஷம் ஓடுகிறது. மரங்களுக்கு வயது ஏறுகிறது. பழைய மரம் விழுகிறது. போசம் குட்டி போடுகிறது, சாகிறது, பக்கத்துக் காட்டுக்குப் போகிறது. சில வருஷங்களில் தீ வருகிறது. சில வருஷங்களில் வரவில்லை. நூற்றுக்கணக்கான வருஷம் இப்படி ஓட்டுவார்கள். பிறகு மறுபடியும் முதலிலிருந்து ஓட்டுவார்கள்.

எத்தனை தடவை போசம் பிழைத்தது? எத்தனை தடவை அழிந்தது? அதுதான் விடை.

1995-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். போசத்துக்கு ஒரே ஒரு பெரிய காப்பிடம் ஒதுக்கினால் ஆபத்து. ஒரே தீயில் எல்லாம் போய்விடும். சின்னச் சின்னத் துண்டாக ஒதுக்கினாலும் ஆபத்து. நாலு போசம் இருந்தால் குடும்பம் விருத்தியாகாது. நடுத்தர அளவில், பல இடங்களில், தள்ளித் தள்ளி ஒதுக்க வேண்டும்.

நம் பாட்டிமார் நகையையும் பணத்தையும் ஒரே பெட்டியில் வைக்க மாட்டார்கள். கொஞ்சம் அடுக்குப் பானையில் இருக்கும். கொஞ்சம் முந்தானையில் இருக்கும். கம்ப்யூட்டரும் அதைத்தான் சொன்னது!

கருப்பு சனிக்கிழமை

கணக்குக்குப் பரீட்சை வந்தது.

2009-ம் ஆண்டு பிப்ரவரி 7-ந் தேதி, சனிக்கிழமை. மெல்போர்ன் நகரில் அன்று வெயில் 46.4 டிகிரி. அனல் காற்று அடித்தது. காடு பற்றிக்கொண்டது.

173 பேர் மாண்டார்கள். 2,000-க்கு மேற்பட்ட வீடுகள் சாம்பலாயின. கதையின் தொடக்கத்தில் பார்த்தோமே, மேரிஸ்வில், அந்த ஊர் ஏறக்குறைய முழுவதும் எரிந்துபோயிற்று.

போசம் வாழும் காட்டில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் தீயில் அகப்பட்டது. மேரிஸ்வில்லுக்குப் பக்கத்தில் லேக் மவுண்டன் என்ற குளிர்ந்த மலை இருக்கிறது. அங்கே இருந்த போசங்களில், விரல் விட்டு எண்ணும்படியாகச் சிலதான் மிஞ்சின.

தீ அணைந்த பிறகு விஞ்ஞானிகள் தாங்கள் அளந்து வைத்திருந்த இடங்களுக்கு மறுபடி போனார்கள். மரத்தடியில் காவல் இருந்தார்கள். எரியாத இடங்களில் சில போசங்கள் தென்பட்டன. எரிந்த இடங்களில் ஒன்றுகூட இல்லை. தீ லேசாகத் தொட்ட இடத்திலும் இல்லை!

1939-ல் விருந்து வைத்த தீ, இந்தத் தடவை ஏன் வைக்கவில்லை?

120 வருஷப் பொந்து

விடை, மரத்தின் வயதில் இருக்கிறது.

மவுண்டன் ஆஷ் மரத்தில் இந்தப் பிராணி குடியிருக்கத் தகுந்த பொந்து உண்டாக, குறைந்தது 120 வருஷம் ஆகும். கிளை ஒடிய வேண்டும். மழை இறங்க வேண்டும். பூஞ்சணம் பிடிக்க வேண்டும். கறையான் அரிக்க வேண்டும். மரங்கொத்திப் பறவை ஆஸ்திரேலியாவில் கிடையாது. பொந்து தானாக உண்டாக வேண்டியதுதான்.

1939-ல் எரிந்த காட்டில், கிழட்டு மரங்கள் நிறைய இருந்தன. அவை செத்த பிறகும் பொந்து மிஞ்சியது. 2009-ல் எரிந்த காட்டில் பெரும்பகுதி 1939-க்குப் பிறகு முளைத்தது. 70 வயது மரம். அது செத்தால் விறகுதான் மிச்சம், வீடு இல்லை.

பழைய எலும்புக்கூட்டு மரங்களோ ஒவ்வொன்றாகச் சாய்கின்றன. 1939-க்குப் பிறகு அவற்றில் ஏராளமானவற்றை வெட்டியும் எடுத்துவிட்டார்கள். 1998-ம் ஆண்டில் இரண்டரை ஏக்கருக்கு 5 பொந்து மரங்கள் இருந்தன. 2060-களில் ஒன்றுகூடத் தேறாது என்று கணக்குச் சொல்லுகிறது.

சோறு பத்து வருஷத்தில் முளைத்துவிடும். வீடு முளைக்க 120 வருஷம். தீ கொடுத்ததைவிடப் பறித்தது அதிகம்!

இன்னொரு ஆபத்தும் உண்டு. மவுண்டன் ஆஷ் கன்று விதை கொடுக்கச் சுமார் 20 வருஷம் ஆகும். அதற்குள் இரண்டாம் தீ வந்துவிட்டால்? விதை இல்லை. மரம் இல்லை. வாட்டில் புதர் மட்டுமே மிஞ்சும். வெயில் கடுமையாகி, தீ அடிக்கடி வரும் இந்தக் காலத்தில் இது வெறும் பேச்சு அல்ல. இரு முறை எரிந்த காடுகளில், வேறு இடத்தில் சேகரித்த விதைகளை ஹெலிகாப்டரிலிருந்து தூவுகிறார்கள்.

2015-ம் ஆண்டில் இந்தப் போசத்தை, 'அழியும் தறுவாயில் உள்ள பிராணி' என்று ஆஸ்திரேலிய அரசு அறிவித்தது.

கோடாலியும் கணக்கும்

இந்தக் காட்டை நம்பிப் பிழைத்த மனிதர்களும் உண்டு. மவுண்டன் ஆஷ் உறுதியான மரம். வீடு கட்டவும் காகிதம் செய்யவும் அதை வெட்டினார்கள். மரம் வெட்டுகிறவர், அறுக்கிறவர், லாரி ஓட்டுகிறவர் என்று பல குடும்பங்களுக்கு அதில்தான் அடுப்பு எரிந்தது.

"ஒரு குட்டிப் பிராணிக்காக எங்கள் பிள்ளைகளின் சோற்றில் மண் விழுவதா?" என்று அவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

"வெட்டிய காட்டில் பொந்து உண்டாகாது. இருக்கிற கிழட்டு மரமும் போய்விட்டால் போசம் எங்கே போகும்?" என்று விஞ்ஞானிகள் கேட்டார்கள். அதுவும் நியாயம்தான்.

சண்டை வருஷக் கணக்கில் நடந்தது. 2014-ம் ஆண்டு முதல், போசம் இருக்கும் இடம் கண்டுபிடிக்கப்பட்டால், அதைச் சுற்றி 200 மீட்டர் வரை வெட்டக்கூடாது என்று விதி செய்தார்கள். எங்கே தேடுவது? மாதிரிக் கணக்கு போட்டுத் தந்த வரைபடம் வழிகாட்டியது. மரம் ஏறுவதில் கைதேர்ந்தவர்கள் உச்சிக்கு ஏறி, தானாகப் படம் பிடிக்கும் கேமராக்களைக் கட்டினார்கள். நூற்றுக்கணக்கான இடங்களில் போசம் அகப்பட்டது!

"இவ்வளவு இருக்கும்போது ஆபத்து எங்கே?" என்றார்கள் சிலர். "இன்று எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்பது கேள்வி அல்ல. வீடு இடிந்துகொண்டிருக்கிறதே, அதுதான் கேள்வி" என்றார்கள் மற்றவர்கள்.

கடைசியில், 2024-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி முதல், விக்டோரியா அரசு தன்னுடைய இயற்கைக் காடுகளில் வியாபாரத்துக்காக மரம் வெட்டுவதை நிறுத்திவிட்டது. வேலை இழந்தவர்களுக்குப் பண உதவியும் வேறு தொழில் பயிற்சியும் அறிவித்தது.

பெட்டி வீடு

வெட்டுவதை நிறுத்தினால் மட்டும் பொந்து வந்துவிடாது. ஆகவே மனிதர்களே வீடு கட்டிக் கொடுக்கிறார்கள்!

கெட்டியான மரப்பெட்டி செய்து, சிறு துவாரம் வைத்து, மரத்தில் உயரமாகக் கட்டுகிறார்கள். லேக் மவுண்டனில் மிஞ்சிய போசங்களுக்கு இப்படிப் பெட்டி கொடுத்துக் காப்பாற்றினார்கள். சில இடங்களில், உயிருள்ள மரத்தையே ரம்பத்தால் குடைந்து, மரத்தட்டால் மூடி, செயற்கைப் பொந்து செய்கிறார்கள். போசம் வந்து மெத்தை போட்டுக்கொள்கிறது!

ஆனால் பெட்டி சில வருஷங்களில் உளுத்துப்போகும். மறுபடி செய்ய வேண்டும். காடு முழுவதும் பெட்டி கட்ட முடியுமா? பணம் ஏது? எங்கே கட்டினால் பயன் என்று சொல்வதற்கும் அதே மாதிரிக் கணக்குதான் உதவுகிறது. வாட்டில் நிறைந்து, பொந்து இல்லாத இடத்தைக் காட்டுகிறது.

தீ அதிகம் எட்டாத இடங்களையும் கணக்குக் காட்டுகிறது. ஓடைக்கரை, ஈரப் பள்ளத்தாக்கு, வெயில் படாத சரிவு. காடு எரியும்போது போசம் ஒதுங்கும் சத்திரம் அவை. அவற்றை முதலில் காப்பாற்ற வேண்டும்.

கணக்கும் தவறும்!

கணக்கு என்றால் எல்லாம் தெரிந்துவிட்டது என்று அர்த்தமல்ல. கல்யாணச் சமையல்காரருக்கும் ஒரு நாள் சோறு பற்றாமல் போகும் அல்லவா?

2024-ம் ஆண்டில் அப்படி ஒன்று நடந்தது. பக்கத்து மாநிலமான நியூ சவுத் வேல்சில், கோசியஸ்கோ தேசியப் பூங்காவில் வேறு பிராணிகளுக்காகக் கேமரா வைத்திருந்தார்கள். படத்தைப் பார்த்தால், தடித்த வால் நுனியோடு ஒரு குட்டி! லெட்பீட்டர் போசமேதான். உயிருள்ள போசம் அந்த மாநிலத்தில் உண்டு என்று அதுவரை யாரும் சொன்னதில்லை.

1961-ல் வில்கின்சன் கண்டது போல, மறுபடியும் ஓர் அதிசயம். காகிதத்தில் இறக்கிய காடு வேறு. கண்ணால் பார்க்கும் காடு வேறு. ஆகவே கணக்குப் போடுகிறவர்கள் காட்டுக்குப் போவதை நிறுத்துவதில்லை. புதிதாகப் பார்த்ததைச் சேர்த்து, கணக்கைத் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள்.

2059-ம் ஆண்டு வரை...

1939-ல் சாம்பலில் முளைத்த மரங்கள் இன்றும் நிற்கின்றன. 2009-ம் ஆண்டுத் தீக்குத் தப்பியவை அவை. 2059-ம் ஆண்டில் அவற்றுக்கு 120 வயது ஆகும். அப்போதுதான் அவற்றில் பொந்து உண்டாகத் தொடங்கும்.

பழைய மரங்கள் விழுந்துகொண்டே இருக்கின்றன. புதிய மரங்கள் இன்னும் வீடாகவில்லை. இடையில் உள்ள இந்த வருஷங்கள்தான் வீட்டுப் பஞ்ச காலம். இந்தக் காலத்தைத் தாண்டிவிட்டால் போசம் பிழைத்துக்கொள்ளும். அதற்குள் பெருந்தீ ஒன்று வந்து அந்த மரங்களைக் கொன்றுவிட்டால், மறுபடியும் 120 வருஷம் காத்திருக்க வேண்டும்.

இன்று பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கு, அப்போது தலை நரைக்கத் தொடங்கி இருக்கும். இன்று பெட்டி கட்டுகிறவர்களில் பலர் அப்போது இருக்க மாட்டார்கள்.

இருந்தும் கட்டுகிறார்கள். அந்தி நேரத்தில் மரத்தடியில் போய் உட்காருகிறார்கள். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

பனங்கொட்டை நட்டவன் பழம் தின்ன மாட்டான் என்பார்கள் நம் ஊரில். இருந்தும் நம் தாத்தாக்கள் பனை நட்டார்கள்!